எதுக்குண்ணே வண்டி?

கால் வைக்கும் இடத்தில் ஒரு மூட்டை தவிடு. பின் சீட்டைக் கழற்றிவிட்டு மாட்டிய கேரியரில் இரண்டு வெள்ளாடு. ஹேண்டிலின் இரு பக்கமும் பை. மிச்சமிருக்கும் இடத்தில் ஓட்டுபவர். நரிக்குடிப் பக்கமிருந்து வீரசோழன் வாரச்சந்தைக்கு வரும் சாலையில் இப்படி ஒரு டி.வி.எஸ். எக்ஸெல் போனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் பைக் உறுமிக்கொண்டு போனால் டீக்கடையே திரும்பிப் பார்க்கும்.

சில வருடம் கழித்துப் பாருங்கள். எக்ஸெல் பெயின்ட் போய், மட்கார்டு நசுங்கி, சீட்டில் சைக்கிள் டியூபைச் சுற்றிக்கொண்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். ஆரஞ்சு வண்டி பல வீடுகளில் தவணை முடிவதற்குள்ளேயே வாசலில் சாக்குப் போர்த்திக் கிடக்கும். ‘இப்ப வர்ற வண்டியெல்லாம் எங்க உழைக்குது’ என்று திண்ணையில் தீர்ப்பும் ஆகிவிடும்.

தீர்ப்பு தவறு என்பது என் கட்சி. அந்த ஆரஞ்சு வண்டியின் இரும்பு மட்டமானதில்லை. எக்ஸெல்லைவிட உயர்ந்த உலோகம், நுட்பமான வேலைப்பாடு. அதைச் செய்தவர்கள் மனதில் வைத்திருந்த வேலை வேறு, நாம் கொடுக்கும் வேலை வேறு. அருப்புக்கோட்டையில் அனுபவப்பட்ட மெக்கானிக் யாரிடமாவது ‘எந்த வண்டி நல்லா உழைக்கும்?’ என்று கேட்டுப் பாருங்கள். கம்பெனி பெயரைச் சொல்லமாட்டார். ‘எதுக்குண்ணே எடுக்குறீங்க?’ என்று திருப்பிக் கேட்பார்.

ஒரே ஓசூர்

இதை விளங்கிக்கொள்ள இரண்டு கம்பெனிகளை மோதவிட வேண்டியதில்லை. ஓசூரில் இருக்கும் டி.வி.எஸ். மோட்டார் ஒன்றே போதும். 1980-ல் அங்கிருந்து வந்ததுதான் டி.வி.எஸ். 50. இரண்டு பேர் உட்கார்ந்து போகும்படி இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மொபெட் அது. எக்ஸெல் சூப்பர், 2015-ல் வந்த எக்ஸெல் 100 எல்லாம் அதன் வாரிசுகள். அதே ஓசூரிலிருந்து 2017 டிசம்பரில் அப்பாச்சி ஆர்ஆர் 310 வெளிவந்தது, ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ.வோடு கூட்டுச் சேர்ந்ததில் பிறந்த வண்டி. 1982 முதலே ரேஸில் வண்டி விடுகிற கம்பெனி அது. ஆகவே, வேகமாகச் செய்யத் தெரியாமல் எக்ஸெல்லை மெதுவாகச் செய்துவிட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

எக்ஸெல் 100-ன் இன்ஜின் 99.7 சிசி. அதன் உச்ச சக்தி 4.3 குதிரைத்திறன், அதுவும் 6,000 ஆர்.பி.எம்.மில். ஆர்ஆர் 310 வெளிவந்தபோது 312.2 சிசியில் 34 குதிரைத்திறன் தந்தது, 9,700 ஆர்.பி.எம்.மில். ஒவ்வொரு 100 சிசிக்கும் கணக்குப் போட்டால் எக்ஸெல்லில் நாலு சொச்சம், ஆர்ஆரில் கிட்டத்தட்ட பதினொன்று. இரண்டுக்கும் நடுவே ஹீரோவின் ஸ்ப்ளெண்டர்: 97.2 சிசியில் சுமார் எட்டு.

சக்தியைப் பிழிவதற்கு ஒரு விலை உண்டு. அதை எங்கே கொடுக்கிறோம் என்று பார்க்கப் பிஸ்டனைப் பின்தொடர வேண்டும். எக்ஸெல் 100-ல் பிஸ்டன் ஒரு முறை மேலேயோ கீழேயோ போகும் தூரம் 48.8 மில்லிமீட்டர். 6,000 ஆர்.பி.எம்.மில் அதன் சராசரி வேகம் விநாடிக்குப் பத்து மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஸ்ப்ளெண்டரில், அதன் உச்ச சக்தி கிடைக்கும் 8,000 ஆர்.பி.எம்.மில், பதின்மூன்று மீட்டர். ஆர்ஆர் 310-ல் அந்தத் தூரம் 62.1 மில்லிமீட்டர், சுழற்சியும் அதிகம். வேகம் இருபது மீட்டரைத் தாண்டிவிடும். வேகம் இரண்டு மடங்கு என்றால் தேய்மானமும் இரண்டு மடங்கு என்று நினைத்துவிட வேண்டாம். பிஸ்டன் மேலே போய் நின்று திரும்பும் ஒவ்வொரு முறையும் கனெக்டிங் ராடையும் பேரிங்கையும் உலுக்குகிற முடுக்கம், எக்ஸெல்லில் இருப்பதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் வரும். சூடு தனி.

அதைத் தாங்க என்ன செய்கிறார்கள்? ரேடியேட்டர் வைத்துத் தண்ணீரால் குளிரவைக்கிறார்கள். ஒரு சிலிண்டருக்கு நான்கு வால்வு, மேலே இரண்டு கேம் ஷாஃப்ட். நல்ல சிந்தெடிக் ஆயில். பாகங்களுக்கு நடுவே மிக நெருக்கமான இடைவெளி. ஒவ்வொன்றும் அருமையான ஏற்பாடு. ஒவ்வொன்றும் சர்வீஸ் பட்டியலில் ஒரு வரியைக் கூட்டுகிறது. கூலன்ட் மாற்ற வேண்டும். ரேடியேட்டர் துடுப்புகளில் அடைந்த புழுதியை எடுக்க வேண்டும். வால்வு இடைவெளி பார்க்கத் தெரிந்த கை வேண்டும். எக்ஸெல்லில் இந்த வரிகளில் பாதி இல்லவே இல்லை. ரேடியேட்டர் கிடையாது. கியர் மாற்றும் வேலை கிடையாது. கையால் பிடிக்கும் கிளட்ச் கிடையாது. வேகம் கூடினால் தானாக விரிந்து பிடிக்கும் கிளட்ச் ஷூ மட்டும். இழுவைத்திறன் உச்சத்தைத் தொடுவது வெறும் 3,500 ஆர்.பி.எம்.மில்; சுமையோடு ஊர்ந்து போகிறவனுக்கு எங்கே பலம் வேண்டுமோ அங்கேயே வைத்திருக்கிறார்கள். பின் சீட்டு கழற்றக் கூடியது, முன்னால் தட்டையான இடம். மூட்டை இரண்டு சக்கரத்துக்கும் நடுவே, தாழ்வாக உட்காருகிறது. இதை வரைந்தவருக்கு மூட்டை என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது.

உழவு மாட்டுக்கும் மஞ்சுவிரட்டுக் காளைக்கும் தீனியே வேறு என்பதை இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வண்டி விஷயத்தில் மட்டும் அது ஏனோ மறந்துபோகிறது.

மணிக்கணக்கில் ஆயுள்

போட்டிக்கென்றே பிறந்த வண்டிகளைப் பார்த்தால் கணக்கு இன்னும் பளிச்சென்று தெரியும். மண்மேட்டில் தாவும் மோட்டோகிராஸ் வண்டிகளின் சர்வீஸ் புத்தகத்தில் கிலோமீட்டரே இருக்காது. இன்ஜின் ஓடிய மணிக்கணக்குதான். ஆயில் சில மணி நேரங்களுக்கு ஒருமுறை. பிஸ்டனையே நூறு மணி நேரத்துக்குள் மாற்றச் சொல்லும் வண்டிகள் உண்டு. அது குறை ஆகாது. ஒரு போட்டியில் முந்துவதற்காகச் செய்த பொருள், முந்திவிட்டால் அதன் வேலை முடிந்தது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் சுற்றும் வண்டிகளுக்குப் பின்னால் ஒரு மெக்கானிக் கூட்டமும் டயர் அடுக்கும் நிற்பது அதனால்தான்.

ஆறாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும் என்று ஸ்ப்ளெண்டர் புத்தகம் சொல்கிறது. ஒரு மோட்டோகிராஸ்காரருக்கு அது நம்ப முடியாத சொகுசு.

நெருப்பில் போட்ட சைலன்சர்

பழைய எக்ஸெல்லின் நீண்ட ஆயுளுக்கு இன்னொரு காரணம் உண்டு. அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. அது இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின். வால்வு இல்லை, கேம் இல்லை, அடியில் ஆயில் தேங்கும் தொட்டி இல்லை. பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். அது எரிந்துகொண்டே உயவும் செய்துவிடும். கெட்டுப்போன ஆயிலில் இன்ஜின் ஓடும் பேச்சுக்கே இடமில்லை, தினம் தினம் புது ஆயில்தான். இன்னொரு விதத்தில் சொன்னால், பெட்ரோல் பங்குக்குப் போகிற ஒவ்வொரு முறையும் வண்டிக்கு ஒரு சின்ன சர்வீஸ் நடந்துவிடும். பங்க் பையன் கையில் இருந்த ஆயில் பம்ப்தான் சர்வீஸ் சென்டர்.

என்ன, புகை வரும். கரி அடையும். இழுவை குறைந்தால் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்ப்பார்கள். அதிலும் சரியாகாவிட்டால் சைலன்சரைக் கழற்றி நெருப்பில் போட்டு, உள்ளே இருக்கும் கரியெல்லாம் எரிந்து உதிரும்வரை காத்திருந்து, தட்டிக்கொட்டி மாட்டிவிடுவார்கள். எந்தக் கம்பெனிப் புத்தகத்திலும் இப்படிப் போட்டிருக்காது, ஆனால் வேலை செய்தது. சிலிண்டர் தேய்ந்தால் கடைசல் பட்டறையில் போர் போட்டு, ஒரு சைஸ் பெரிய பிஸ்டன். மறுபடி சில வருடம்.

எக்ஸெல் 100 நான்கு ஸ்ட்ரோக். மைலேஜ் நல்லது, புகை குறைவு, காற்றுக்கும் நல்லது. ஆனால் இருபது முப்பது வருடம் இரண்டு ஸ்ட்ரோக்கோடு வாழ்ந்து பழகிய ஒருவரிடம் அதைக் கொடுக்கும்போது பராமரிப்பின் பொறுப்பு பங்கிலிருந்து அவர் தலைக்கு மாறிவிடுகிறது. அடியில் தேங்கியிருக்கும் கொஞ்சம் ஆயிலை அவரே ஞாபகம் வைத்து மாற்ற வேண்டும். மறந்தால் வண்டி உடனே நின்று எச்சரிக்காது. சத்தம் மெல்ல மாறும், டப்பா உருட்டுகிற மாதிரி. அப்போது இன்ஜினை இறக்க வேண்டியதுதான். புது எக்ஸெல் பழசு மாதிரி இல்லை என்று புலம்புகிறவர்களில் பலர், புது வண்டியைப் பழைய பழக்கத்தில் வைத்திருப்பவர்கள்.

1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தபோதும் இதேதான் நடந்தது. பெட்ரோல் போடு, மூடு, மறந்துவிடு என்று விளம்பரம் செய்தார்கள். நம்மவர்கள் மூன்றாவது சொல்லைச் சொன்னபடி கடைப்பிடித்தார்கள்.

தாத்தா ஜப்பானில்

சிடி 100, ஸ்ப்ளெண்டர் இரண்டின் படுக்கைவாட்டு இன்ஜினுக்கும் மூலம் 1958-ல் ஹோண்டா வெளியிட்ட சூப்பர் கப். டோக்கியோவின் சந்துகளில் ஒரு கையில் நூடுல்ஸ் தட்டோடு போகும் கடைப்பையன் மறு கையால் ஓட்ட வேண்டும், அதனால் கை கிளட்ச் கூடாது என்பது அதை உருவாக்கியபோது வைத்த நிபந்தனைகளில் ஒன்று. செயினை முழுக்க மூடி வைத்தார்கள், சேறும் தூசியும் படாமலிருக்க, ஓட்டுபவர் உடையில் கிரீஸ் ஒட்டாமலிருக்க. 2017-ல் அந்த வரிசை பத்துக் கோடி வண்டிகளைத் தாண்டியது. உலகத்தில் வேறு எந்த மோட்டார் வாகனமும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை.

ஸ்ப்ளெண்டரின் மூடிய செயின் கேஸ் அந்தப் பரம்பரைச் சொத்து. திருச்சுழி வட்டாரத்துப் புழுதியில் அதன் அருமை தெரியும். திறந்த செயினில் ஆயில் போட்டால், ஆயிலில் புழுதி ஒட்டி உப்புத்தாள் மாதிரி பல்சக்கரத்தை அரைக்கும். ஆயில் போடாவிட்டாலும் தேயும். ஸ்போர்ட்ஸ் பைக்கின் செயின் திறந்தே இருப்பது எடை குறைக்கவும், அடிக்கடி சுத்தம் செய்வார்கள் என்ற நம்பிக்கையிலும்தான். அந்த நம்பிக்கை சென்னை, பெங்களூரு வார இறுதிப் பயணிகளை நினைத்து வைத்தது. கண்மாய்க் கரையில் தினம் இரண்டு முறை போய் வருகிறவரை நினைத்து வைத்ததில்லை.

புல்லட்டை விட்டுவிட்டால் அதன் ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்கள். அது மூன்றாவது வகை. 1950-களின் நடுவில் எல்லைக் காவலுக்காக இந்திய ராணுவம் 350 சிசி புல்லட் 800 கேட்டது; 1955-ல் புல்லட்டைச் செய்த கம்பெனி மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்ததில் என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. பழைய புல்லட் அடிக்கடி கவனம் கேட்கும். பாயின்ட், டேப்பெட், ஆயில் கசிவு என்று வாரம் ஒரு சிணுங்கல். ஆனால் அந்தச் சிணுங்கலை இரண்டு ஸ்பானரோடு சாலையோரத்திலேயே தீர்க்கலாம். மலை உச்சியில் இருக்கும் சிப்பாய்க்கு அதுதான் தேவை. பழுதே ஆகாத வண்டிக்கும், பழுதானால் அங்கேயே சரிசெய்ய முடிகிற வண்டிக்கும் உள்ள வித்தியாசம், வீரசோழன் மாதிரி டவுனிலிருந்து தள்ளியிருக்கிற ஊருக்கு ராணுவத்துக்கு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம்.

நூற்று முப்பது கிலோ

எக்ஸெல்லைப் புகழ்ந்தது போதும். அதற்கும் எல்லை உண்டு. எக்ஸெல் 100 சுமக்க வேண்டியது என்று கம்பெனி சொல்வது 130 கிலோ, ஓட்டுபவரையும் சேர்த்து. ஒரு ஆள் 65 கிலோ என்றால் மிச்சம் இன்னொரு 65 கிலோதான். சந்தை நாளில் இந்தக் கணக்கை யார் பார்க்கிறார்கள்? சீமைக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டு எடுத்த கரியை மூன்று மூட்டை, நான்கு மூட்டை என்று ஏற்றிக்கொண்டு போவது இந்தப் பக்கம் சாதாரணம். (ஒரு இடைச்செருகல்: இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் கிடைக்காதபோது, மதுரை டி.வி.எஸ். கரியிலிருந்து வாயு எடுத்துப் பஸ் ஓட்டும் கலனைச் செய்து விற்றது. அன்று கரி டி.வி.எஸ். வண்டியை இழுத்தது, இன்று டி.வி.எஸ். வண்டி கரியை இழுக்கிறது.)

சுமை கூடினால் முதலில் போவது இன்ஜின் இல்லை. பின்சக்கரத்தில் ஸ்போக்ஸ் ஒவ்வொன்றாக அறும். ஒன்று அறுந்ததைக் கவனிக்காமல் விட்டால் ரிம் கோணும். சுமை பின் அச்சுக்குப் பின்னால் தொங்கினால் முன்சக்கரம் லேசாகி, ஹேண்டில் ஆடும். கோன் செட் போய்விட்டது என்பார்கள். ஷாக் அப்சார்பர் புஷ் தேயும். கண்மாய்க் கரை ஏற்றத்தில் பாரத்தோடு ஊர்ந்தால் கிளட்ச் ஷூ முழுக்கப் பிடிக்காமல் வழுக்கி வழுக்கிச் சூடேறிப் பளபளப்பாகிவிடும். அப்புறம் ஆக்சிலேட்டரை முறுக்கினால் சத்தம்தான் வரும், வண்டி வராது. எல்லாவற்றுக்கும் மேல் பிரேக். இரண்டு பக்கமும் சின்ன டிரம்கள், சொன்ன எடைக்கு அளந்து செய்தவை. இரட்டிப்புச் சுமையை அவை நிறுத்தும், ஆனால் நீங்கள் நினைத்த இடத்தில் நிறுத்தாது. எக்ஸெல் எதையும் தாங்கும் என்ற பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. வண்டி தாங்குகிறதோ இல்லையோ, எதிரே வருகிறவர் தாங்கமாட்டார்.

ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு சோதனை. கரிசல் மண் நனைந்தால் டயரில் அப்பிக்கொண்டு மட்கார்டுக்குள் ஏறி, சிறிது தூரத்தில் சக்கரமே சுற்றாமல் நிற்கும். கையில் குச்சியோடு இறங்கிக் கிண்ட வேண்டும். அப்படிச் சிக்கிய சேறு காய்ந்தபின் பிரேக் டிரம்முக்குள்ளும் வீல் பேரிங்கிலும் போய் உட்கார்ந்துவிடும். மழைக்காலம் முடிந்ததும் இரண்டு சக்கரத்தையும் கழற்றித் துடைத்துக் கிரீஸ் வைப்பது, இந்த வட்டாரத்தில் எந்த வண்டிக்கும் ஆயில் மாற்றுவதற்குச் சமமான வேலை.

எல்லா சர்வீஸ் புத்தகத்திலும் ஓரிடத்தில், அதிகத் தூசி, அதிகச் சுமை, கடும் வெயில் உள்ள இடங்களில் இதைவிடச் சீக்கிரமாகச் செய்யவும் என்று சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும். அருப்புக்கோட்டைக்குத் தெற்கே வாழ்பவர்களுக்கு அந்தச் சின்ன எழுத்துதான் புத்தகம். ஆறாயிரம் என்று போட்டிருந்தால் நாலாயிரத்திலேயே ஆயிலை மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். ஏர் ஃபில்டரை எந்த மைல்கல்லுக்கும் காத்திராமல் திறந்து பார்க்கலாம். அடைத்த ஃபில்டர் மைலேஜைக் குடிக்கும், கிழிந்த ஃபில்டர் சிலிண்டரையே குடிக்கும்.

வாசலில் கிடக்கும் வண்டி

இனி அந்த ஆரஞ்சு வண்டிக்கு வருவோம். அது ஏன் சாக்குப் போர்த்திக் கிடக்கிறது? வேகமாக ஓட்டிக் கெட்டதால் என்று பெற்றோர் நினைப்பார்கள். பல வண்டிகள் கெடுவது ஓட்டாமல்தான். வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு, டீக்கடைக்கு, ஒரு கிலோமீட்டர் இரண்டு கிலோமீட்டர். இன்ஜின் முழுச் சூட்டுக்கு வரும் முன்பே அணைத்துவிடுகிறார்கள். உள்ளே உருவாகும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலில் கலந்துகொண்டே இருக்கும். ஆவியாகி வெளியேற வேண்டிய சூடு வருவதில்லை. ஒவ்வொரு ஸ்டார்ட்டும் பேட்டரியிலிருந்து எடுத்ததை அந்தச் சின்ன ஓட்டம் திருப்பிக் கொடுப்பதில்லை. கிக்கர் கிடையாது, பேட்டரி படுத்தால் வண்டியும் படுத்தது. நீண்ட நேரம் நெடுஞ்சாலையில் ஓடுவதற்காகச் செய்ததை நடைதூரத்துக்கு வைத்தால் இப்படித்தான்.

படிப்பு முடிந்து பையன் திருப்பூருக்கோ துபாய்க்கோ போனபின் வண்டி மாதக்கணக்கில் நிற்கும். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது; எத்தனால் ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. பாதி டேங்க்கோடு மாதக்கணக்கில் நின்ற வண்டியில் இன்ஜெக்டரும் டேங்க்கின் உள்சுவரும் என்னவாகும் என்று ஊகிக்கலாம். நிறுத்தி வைக்கத்தான் வேண்டுமென்றால் டேங்க்கை நிரப்பி, பேட்டரி ஒயரைக் கழற்றி நிறுத்துங்கள்.

சரிசெய்யும் இடமும் தூரம். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபிறகு எக்ஸெல்லுக்கே இன்ஜெக்ஷனும் சென்சாரும் வந்துவிட்டன. கார்புரேட்டர் ஸ்குரூவைக் காதால் கேட்டே டியூன் செய்த கைகளுக்கு இப்போது ஸ்கேனர் வேண்டும். சின்ன ஊர் ஒர்க்‌ஷாப்புகள் எக்ஸெல், ஸ்ப்ளெண்டர் அளவுக்கு அதை வாங்கிச் சமாளித்துவிடுகின்றன, வந்து நிற்கும் வண்டிகளின் எண்ணிக்கை அதை நியாயப்படுத்துகிறது. ஊருக்கு நாலு ஸ்போர்ட்ஸ் பைக்குக்காக யார் முதல் போடுவார்கள்? மதுரைக்கு ஏற்றி அனுப்ப வேண்டும். பாகம் வரும்வரை வண்டி அங்கே நிற்கும்.

ஆசைக்கு வண்டி வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மழையை நம்பி மிளகாய் போடுகிற ஊரில் ஆசைக்குக் கொஞ்சம் இடம் வேண்டும். வாங்குகிறவர் தவணையோடு சேர்த்து டயர், செயின் செட், மதுரைப் பயணம் மூன்றையும் கணக்கில் எழுதிக்கொண்டு வாங்கட்டும். மாதம் இரண்டு முறையாவது ராமநாதபுரம் வரை நிதானமாக ஒரு நீண்ட ஓட்டம் விடட்டும். அந்த வண்டியும் உழைக்கும்.

செகண்ட் ஹேண்டில் எடுப்பவர்களுக்கும் இதே கேள்விதான், கொஞ்சம் திருப்பிப் போட்டு: எதுக்கு ஓட்டினாங்க? பால்காரர் தினம் அறுபது கிலோமீட்டர் ஒரே சீராக ஓட்டி, நேரத்துக்கு ஆயில் மாற்றிய வண்டி மீட்டரில் அதிகம் காட்டினாலும் பயப்பட வேண்டாம். குறைந்த கிலோமீட்டர் காட்டும் கரி வண்டிக்குப் பயப்படுங்கள். அதில் மீட்டர் கேபிள் அறுந்தே வருடக்கணக்கு ஆகியிருக்கலாம். கேரியர் அடியில் வெல்டிங் எத்தனை இடத்தில் வைத்திருக்கிறது, பின்சக்கரத்தில் புது ஸ்போக்ஸ் எத்தனை மின்னுகிறது, நடு ஸ்டாண்டில் போட்டு முன்சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்துவிட்டு, அப்புறம் விலை பேசுங்கள்.